தொட்டிக்கு அடியில் ஒரு தெர்மோகோல்

மூணு வருஷத்துக்கு முன்னால் கொளத்தூரில் மூணடி மீன்தொட்டி ஒன்று வாங்கினேன். கடைப் பையன் தொட்டியோடு அரை இஞ்ச் தெர்மோகோல் ஒன்றையும் வைத்துக் கட்டி, "சார், இத அடியில போட்டுதான் வைக்கணும்" என்றான். சரி தம்பி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வீட்டில் வைத்துப் பார்த்தால் தேக்கு மேசைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வெள்ளையாகத் துருத்திக்கொண்டு கண்ணை உறுத்தியது. பார்சல் சாமான்தானே என்று தூக்கி எறிந்துவிட்டேன்.

பதினோராம் நாள் விடிகாலையில் கூடம் முழுக்கத் தண்ணீர். அடிக் கண்ணாடியில் குறுக்காக ஒரே ஒரு கோடு. மேசையைத் துடைக்கும்போது, விரிசல் போன வழியில் சரியாக ஒரு கல் சில்லு கிடைத்தது. கடுகைவிடச் சின்னது. தொட்டிக்குள் போடக் கழுவிய மணலில் இருந்து சிந்தியிருக்க வேண்டும். ஆறு மீன்களில் இரண்டுதான் பிழைத்தன.

குற்ற உணர்ச்சி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. தெர்மோகோலுக்கு எழுபது வயசு சொச்சம்தான் ஆகிறது. மீன்தொட்டி அதற்கு நூறு வருஷம் மூத்தது. அதுவரைக்கும் ஜனங்கள் அடியில் என்னத்தைப் போட்டார்கள்?

மீன்தொட்டி மோகம் கிளம்பியது இங்கிலாந்தில். கண்ணாடி மீதிருந்த வரியை 1845ல் எடுத்தார்கள், கண்ணாடி மலிவானது. 1853ல் லண்டன் ரீஜண்ட்ஸ் பார்க் விலங்குக் காட்சிசாலையில் மீன் வீடு திறந்தது. மறு வருஷம் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம், 'அக்வேரியம்' என்ற சொல்லையே வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தது.

அந்தக் காலத்துத் தொட்டிகளின் படங்களைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். பக்கங்கள்தான் கண்ணாடி. அடிப்பாகம் பெரும்பாலும் சிலேட்டுக் கல். நாம் ஒண்ணாப்பில் 'அ' எழுதிப் பழகினோமே, அதே கல்தான், ஆனால் தடிமனானது. தட்டையாகப் பிளக்கும், தண்ணீரில் ஊறாது, சீக்கிரத்தில் வளையாது. பில்லியர்ட்ஸ் மேசைக்கும் இதைத்தான் அப்போது போட்டார்கள். கண்ணாடியைச் சட்டத்தில் பதித்துச் சந்துகளில் மக்கு வைத்து அடைப்பார்கள். இப்படிச் செய்த தொட்டியை எந்த மேசையில் வைத்தாலும், மேசையின் மேடுபள்ளத்தைச் சந்திப்பது சிலேட்டு. கண்ணாடி மேசையைத் தொடவே தொடாது. ஆக, நடுவில் போட வேண்டிய பொருள் தொட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது!

இன்னொரு வேடிக்கை. வெப்பநாட்டு மீன்களை ஐரோப்பாவில் வளர்க்கத் தொடங்கியபோது, மின்சார ஹீட்டர் வருவதற்கு முன்னால், சிலேட்டுக்கு அடியில் தீபம் ஏற்றித் தண்ணீரைச் சூடாக்கினார்கள். தொட்டிக்கும் மேசைக்கும் நடுவில் நெருப்பு. நம் ஊர் மீன் என்றால் அடியில் அடுப்பு வைப்பது குழம்புக்கு மட்டும் என்றல்லவா நினைத்திருந்தேன்.

பிறகு வந்த இரும்புச் சட்டத் தொட்டிகளிலும் பாரத்தைத் தாங்கியது சட்டம்தான். அந்தத் தொட்டிகளின் சீக்கு வேறு. உப்புத் தண்ணீர் ஊற்றினால் சட்டம் துருப்பிடிக்கும். காயவிட்டு இடம் மாற்றினால் இறுகிப்போன மக்கு விட்டு ஒழுகும்.

எல்லாவற்றையும் மாற்றியது 1960களில் பரவிய சிலிகான் பசை. கண்ணாடியோடு கண்ணாடியை நேராக ஒட்டலாம். சட்டம் வேண்டாம், சிலேட்டும் வேண்டாம். அழகுதான். ஆனால் முதல்முறையாக வெறும் கண்ணாடி நேராக மேசைமேல் உட்கார்ந்தது.

அதில் என்ன ஆபத்து என்பதற்குக் கொஞ்சம் கணக்கு. தொட்டியில் 40 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் ஒரு சதுர இஞ்சுக்குக் கால் கிலோதான் பாரம். பரவலாக விழுந்தால் கண்ணாடிக்கு அது தூசு. அடியில் ஒரு மணல் துணுக்கு இருந்துவிட்டால், சுற்றியுள்ள பகுதியின் பாரமும் அந்த ஒரு புள்ளியில் வந்து இறங்கும். கண்ணாடி அங்கே லேசாக வளையப் பார்க்கும். கண்ணாடி அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. வளையும்போது ஒரு பக்கம் இழுபடத்தானே செய்யும்?

ஏன் தாங்காது என்று சொன்னவர் ஏ. ஏ. கிரிஃபித், இங்கிலாந்தில் விமான ஆராய்ச்சியில் இருந்த பொறியாளர். 1921ல் வெளியான கட்டுரையில் அவர் விளக்கியது இது: கண்ணாடியின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உண்டு, இழுவிசை அந்தக் கீறலின் நுனியில் பல மடங்காகக் குவியும், ஓர் அளவைத் தாண்டினால் விரிசல் தானாக ஓடும். என் வீட்டில் பத்து நாள் சும்மா இருந்துவிட்டு பதினோராம் நாள் ஓடியது.

இந்த இடத்துக்குத்தான் தெர்மோகோல் வந்தது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி 1950களின் தொடக்கத்தில் ஸ்டைரோபோர் என்று விற்க ஆரம்பித்த பாலிஸ்டைரீன் நுரையின் வகையறாதான் இது. கல் துணுக்கு நுரைக்குள் அமுங்கிவிடும், கண்ணாடியை முட்டாது. ஒன்றுக்கும் உதவாத சாமான் என்று நாம் நினைப்பதற்கு வைகை அணையும் ஒரு காரணம். 2017ல் அங்கே தண்ணீருக்கு மேலே போட்டார்கள், பறந்துவிட்டது. தண்ணீருக்கு அடியில் போட்டால் ஒழுங்காக வேலை செய்கிறது.

எல்லாத் தொட்டிக்கும் போடலாமா என்றால், கூடாது. அடியில் சுற்றிலும் பிளாஸ்டிக் விளிம்பு வைத்த தொட்டிகளில் அடிக் கண்ணாடி மேசையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தூக்கி நிற்கும். அங்கே தடித்த நுரையைத் திணித்தால் அது நடுக் கண்ணாடியை மேல்நோக்கித் தள்ளும். அந்த விளிம்பு பழைய சட்டத்தின் பேரன், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும். அதேபோல, மேசையே முறுக்கிக்கொண்டிருந்தால் எந்த நுரையும் காப்பாற்றாது. ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் ஆக வேண்டும்.

விளிம்பில்லாத் தொட்டிகளை உலக மோகமாக்கிய ஜப்பானின் தகாஷி அமானோ அழகில் கறாரானவர். அவர் கம்பெனியின் தொட்டிகளுக்கும் அடியில் விரிக்க ஒரு மெல்லிய பாய் உண்டு. அதைப் படித்த அன்றைக்குத்தான் கடைப் பையன் முகம் ஞாபகம் வந்தது.

இப்போது இருப்பது இரண்டாவது தொட்டி. அடியில் கறுப்பு ஃபோம் ஷீட், ஓரத்தைக் கண்ணாடியோடு சமமாக நறுக்கியிருக்கிறேன். பிழைத்த இரண்டும் அதில்தான் இருக்கின்றன.