நூலிலே மலர்ந்த முத்துக் காதணிப் பெண்

நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் டெல்ப்ற் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அப்பெயருக்கு மூலமான ஒல்லாந்து நகரிலே 1632ஆம் ஆண்டு பிறந்தவர் யொகான்னஸ் வேர்மீர் என்னும் ஓவியர். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைப்பட்டுச் சில ஆண்டுகள் கழிந்தபின், ஏறக்குறைய 1665இல், அவர் தீட்டிய சித்திரமே 'முத்துக் காதணிப் பெண்'. நீலமும் மஞ்சளுமான தலைப்பாகை அணிந்த இளநங்கை ஒருத்தி திரும்பி நம்மை நோக்குகின்றாள்.

வேர்மீர் 1675இல் கடனாளியாகவே மறைந்தார். 1881இல் ஹேக் நகர ஏலமொன்றில் இச்சித்திரம் இரண்டு கில்டர் முப்பது சதத்துக்கு விலைபோயிற்று. வாங்கியவரின் மரணசாசனத்தின்படி அது 1903இல் அந்நகரத்து மொரிற்ஸ்ஹவுஸ் கலைக்கூடத்தைச் சேர்ந்தது.

இன்று அந்நங்கை நூற்பொம்மையாகவும் உலாவருகின்றாள். யப்பானியர் 'அமிகுருமி' என வழங்கும் கைவினை இது. குறோசே ஊசியினால் நூலைச் சுற்றுச் சுற்றாகப் பின்னி, கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் உருண்டை வடிவாக்கி, உள்ளே பஞ்சடைப்பர். ஓவியத்தின் ஒளியும் நிழலும் நூலுக்கு எளிதில் வசப்படா. ஆகவே, எதனை விடுவது, எதனை வைத்துக்கொள்வது என்று பின்னுபவர் தேர்ந்தாக வேண்டும். நீலப் பாகை, பின்னே தொங்கும் மஞ்சள் துணி, காதில் ஒரு வெண்மணி. இம்மூன்றும் போதும், பார்த்தவர் இனங்கண்டுகொள்வர்.

பெருங்கலையை இது விளையாட்டுப் பொருளாக்கிவிடாதோ எனச் சிலர் வினவலாம். 2020இல் வெளியான ஆய்வு முடிவொன்றை அவர்கள் நோக்குக. அம்முத்தைக் காதில் மாட்டும் கொக்கி ஓவியத்தில் இல்லை. வெண்ணிறத் தீற்றல்கள் சிலவே முத்தாகத் தோன்றுகின்றன. முழுவதையும் வரையாமலே கண்ணை நம்பவைத்தார் வேர்மீர். பொம்மை பின்னுபவர் கையாளும் வழியும் அதுவேயன்றோ?

2023இல் மூல ஓவியம் அம்ஸ்ரர்டாம் கண்காட்சிக்கு இரவலாகச் சென்றது. அப்போது, பொதுமக்கள் தத்தம் கைவண்ணத்தில் அப்பெண்ணை ஆக்கி அனுப்புமாறு மொரிற்ஸ்ஹவுஸ் அழைத்தது. ஏறக்குறைய 3,500 ஆக்கங்கள் வந்து குவிந்தன. தெரிந்தெடுத்துக் காட்டியவற்றுள், செயற்கை நுண்ணறிவைக் கொண்டு உருவாக்கிய படமொன்றும் இருந்தமை பெருஞ் சர்ச்சையைக் கிளப்பிற்று.

அச்சர்ச்சையின் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. கணப்பொழுதில் உருவம் பெறும் படம் நம்மை வியக்கவைக்கலாம். ஆனால் பொம்மை பின்னுபவரோ, கண்ணியொன்று தவறினால் அவிழ்த்து மறுபடியும் பின்னுகின்றார். ஒவ்வொரு முறையும் மூல ஓவியத்தை மீண்டும் உற்றுநோக்குகின்றார். அவ்வாறு நோக்கக் கற்றவருக்கு, பொம்மை கிழிந்து போனாலும் ஓவியம் சொந்தமாகவே இருக்கும்.