எம்.ஆர்.எஸ்.பி.: நாய், பூனைகளில் மருந்துக்கு மசியாத தோல் கிருமி

எம்.ஆர்.எஸ்.பி. என்பது மெத்திசிலின் எதிர்ப்புப் பெற்ற ஸ்டஃபைலோகாக்கஸ் சூடிண்டர்மீடியஸ் பாக்டீரியா. நலமான நாய்களின் மூக்கு, வாய், ஆசனவாய்ப் பகுதிகளில் சூடிண்டர்மீடியஸ் இயல்பாகவே வாழ்கிறது, பூனைகளில் குறைவு. தோல் காயம்பட்டாலோ அரிப்பால் புண்ணானாலோ சீழ்க்கொப்புளம், காது அழற்சி, அறுவைப் புண் தொற்று ஆகியவற்றை உண்டாக்கும். இது தனி இனமாக விவரிக்கப்பட்டது 2005-இல்தான். அதற்கு முன் இன்டர்மீடியஸ் என்ற பெயரிலேயே ஆய்வகங்கள் பதிவு செய்துவந்தன.

மெத்திசிலின் உள்ளிட்ட பென்சிலின் வகை மருந்துகளும் அவற்றை ஒத்த செஃபலெக்சின் போன்றவையும் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் புரதங்களைப் பிடித்து முடக்குகின்றன. மெக்-ஏ மரபணு உள்ள கிருமி, இம்மருந்துகளின் பிடியில் எளிதில் சிக்காத மாற்றுப் புரதத்தை உண்டாக்கிச் சுவரைத் தொடர்ந்து கட்டுகிறது. அதனால் கால்நடை மருத்துவர்கள் அன்றாடம் எழுதும் செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் இரண்டும் ஒருசேரப் பயனற்றுப் போகின்றன. இக்கிருமியின் வழித்தோன்றல்களில் ஐரோப்பாவில் எஸ்.டி.71, வட அமெரிக்காவில் எஸ்.டி.68 என்பவை பரவின. இவை வேறு பல மருந்து வகைகளையும் எதிர்ப்பவை. ஆய்வகத்தில் கவனம் தேவை: மனிதரின் எம்.ஆர்.எஸ்.ஏ. (மெத்திசிலின் எதிர்ப்புப் பெற்ற ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்) கிருமியைக் கண்டறியும் செஃபாக்சிடின் வில்லைச் சோதனை எம்.ஆர்.எஸ்.பி.-யைத் தவறவிடலாம்; ஆக்ஸசிலின் சோதனையே ஏற்றது.

நாயின் தோல் தொற்று பெரும்பாலும் தானாக வருவதில்லை. ஒவ்வாமை, தெள்ளுப்பூச்சி, ஹார்மோன் குறைபாடு என அடியில் ஒரு காரணம் இருக்கும். அதைத் தீர்க்காமல் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் எதிர்ப்பை வளர்க்கும் முதன்மைத் தவறு. மேலோட்டமான தொற்றுக்குக் குளோர்ஹெக்சிடின் ஷாம்புக் குளியலே பெரும்பாலும் போதும். மெக்-ஏ அதைத் தடுப்பதில்லை. ஆழமான புண்ணுக்குக் கிருமி வளர்ப்புச் சோதனை செய்தே மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிஞ்சும் மருந்துகளுக்கும் விலை உண்டு: ரிஃபாம்பிசின் கல்லீரலையும் அமிக்காசின் சிறுநீரகத்தையும் பாதிக்கலாம், பூனைக்கு என்ரோஃப்ளாக்சசின் அளவு மீறினால் விழித்திரை கெட்டுப் பார்வை போகலாம். வான்கோமைசின், லினெசோலிட் போன்றவற்றை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் மனித சிகிச்சைக்கு மட்டும் என ஒதுக்கிவிட்டது.

புண் ஆறிய பிறகும் நாய் மாதக்கணக்கில் கிருமியைச் சுமக்கக்கூடும். மனிதருக்கு இது தொற்றுவது அரிது. எம்.ஆர்.எஸ்.ஏ. விஷயத்தில் நிலைமை தலைகீழ்: வளர்ப்பு நாய், பூனைகளுக்கு அது பெரும்பாலும் மனிதரிடமிருந்தே வருகிறது.