எட்டு வருஷ வேலைக்கு ஒரு லெட்டர்! கனடா பி.ஆருக்கு விண்ணப்பிக்கும் முன் இதைக் கவனிங்க

பாஸ்போர்ட் ரெடி, மொழித் தேர்வு மார்க் ரெடி, டிகிரி மதிப்பீடும் வந்தாச்சு. ‘இனி கனடா பி.ஆர் கையில வந்த மாதிரிதான்’ என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இத்தனை வருஷம் பார்த்த வேலையை நிரூபிக்க உங்களிடம் என்ன இருக்கிறது?

படிப்பை மதிப்பிட்டுச் சான்று தருவதற்கு அமைப்புகள் உண்டு. எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலை அனுபவத்துக்கு அப்படி யாரும் கிடையாது. நீங்கள் அப்லோடு செய்யும் காகிதங்களைப் படித்து குடிவரவு அதிகாரிதான் முடிவெடுப்பார். காகிதத்தில் இல்லாத வேலை, அவரைப் பொறுத்தவரை நீங்கள் பார்க்காத வேலை!

எத்தனை புள்ளிகள் இதில் இருக்கின்றன?

கனடாவுக்கு வெளியே பார்த்த வேலை எல்லாமே ‘வெளிநாட்டு அனுபவம்’தான். சென்னை ஐ.டி கம்பெனியும் துபாய் ஹோட்டலும் இதில் ஒன்றுதான்.

திறன்மிகு தொழிலாளர் பிரிவில் நுழைய, கடந்த 10 வருடங்களுக்குள் குறைந்தது 1 வருடத் தொடர் அனுபவம் கட்டாயம். அதன்பிறகு வரும் தரவரிசையில், 3 வருடமோ அதற்கு மேலோ வெளிநாட்டு அனுபவம் இருந்து, மொழித் தேர்வின் நான்கு திறன்களிலும் சி.எல்.பி 9 எடுத்திருந்தால், இரண்டும் சேர்ந்து 50 புள்ளிகள் தரும். 1 அல்லது 2 வருடம் என்றால் 25.

அதிகாரி உங்கள் அனுபவத்தில் ஒரு பகுதியை ஏற்காவிட்டால் அதற்கான புள்ளிகள் போய்விடும். மொத்தம் உங்களை அழைத்த சுற்றின் கட்-ஆஃபுக்குக் கீழே இறங்கினால் விண்ணப்பமே நிராகரிக்கப்படலாம்.

எந்த வேலை கணக்கில் வரும்?

சம்பளம் வாங்கிய வேலை மட்டுமே. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப், தன்னார்வப் பணி எல்லாம் சேராது. வாரம் 30 மணி நேரம், வருடத்துக்கு 1,560 மணி நேரம் என்பது முழுநேர வேலைக்கான கணக்கு. வாரம் 15 மணி நேரப் பகுதிநேர வேலை என்றால், 2 வருடம் பார்த்தால்தான் 1 வருடமாக எடுத்துக்கொள்வார்கள். ‘நான் வாரத்துக்கு 60 மணி நேரம் உழைச்சேனே’ என்றால், பாராட்டலாம். ஆனால், 30-க்கு மேல் உள்ள நேரத்துக்குக் கூடுதல் கணக்கு இல்லை.

வேலையின் வகையும் முக்கியம். கனடா எல்லா வேலைகளுக்கும் 5 இலக்க என்.ஓ.சி எண் வைத்திருக்கிறது. (நம்மூர் தடையில்லாச் சான்றிதழோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்!) அதில் இரண்டாவது இலக்கம் 0 முதல் 3-க்குள் இருக்க வேண்டும். சாஃப்ட்வேர் டெவலப்பருக்கு 21232, சமையல்காரருக்கு 63200. இவை இரண்டும் சேரும். ஆனால், சமையலறை உதவியாளரின் எண் 65201. இரண்டாவது இலக்கம் 5 என்பதால் சேராது.

லெட்டரில் என்னவெல்லாம் இருக்கணும்?

நம்மூர் ஹெச்.ஆர் கொடுக்கும் அனுபவச் சான்றிதழில் பெரும்பாலும் பெயர், பதவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி, கூடவே ‘வாழ்த்துகள்’ ஆகியவை இருக்கும். கனடாவுக்கு இது போதாது. கம்பெனி லெட்டர்ஹெட்டில் இவை அனைத்தும் வேண்டும்:

• உங்கள் பெயர், வகித்த எல்லாப் பதவிகளும்
• ஒவ்வொரு பதவிக்குமான தேதிகள். இன்னும் அங்கேயே இருக்கிறீர்கள் என்றால் அந்த விவரம்
• செய்த வேலைகள், பொறுப்புகள்
• வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
• ஆண்டுச் சம்பளம், மற்ற சலுகைகள்
• கம்பெனியின் முகவரி, போன், இமெயில்
• உங்கள் நேரடி மேலதிகாரி அல்லது ஹெச்.ஆர் அலுவலரின் பெயர், பதவி, கையெழுத்து

பலருக்குச் சிக்கல் வருவது மூன்றாவது வரியில்தான். ‘சீனியர் அசோசியேட்’ என்ற பதவிப் பெயரை வைத்து நீங்கள் கோடிங் எழுதினீர்களா, கணக்குப் பார்த்தீர்களா என்று அதிகாரிக்கு எப்படித் தெரியும்? பதவிப் பெயரைவிட, செய்த வேலை அந்த என்.ஓ.சி எண்ணின் விளக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி.

அதற்காக அரசுத் தளத்தில் உள்ள வரிகளை அப்படியே காப்பி, பேஸ்ட் செய்யாதீர்கள். படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். ‘மென்பொருள் பணிகளில் ஈடுபட்டார்’ என்ற பொத்தாம்பொதுவான வரியும் உதவாது. ‘வங்கியின் கடன் செயலியில் பேமென்ட் பகுதிக்கு ஜாவாவில் கோடு எழுதினார், சோதித்தார், பிழைகளைத் திருத்தினார்’ என்று இருந்தால் வேலை கண்முன் தெரியும்.

ஹெச்.ஆர் கைவிரித்தால்?

‘எங்க ஃபார்மேட் இதுதான், மாத்த முடியாது’ என்பது பலரும் கேட்கும் பதில். சில கம்பெனிகள் மூடப்பட்டே போயிருக்கும். அப்போது ஒவ்வொரு காகிதமும் எதை நிரூபிக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.

நியமனக் கடிதம், ரிலீவிங் லெட்டர், பி.எஃப் பாஸ்புக் ஆகியவை எங்கே, எந்தக் காலத்தில் வேலை பார்த்தீர்கள் என்பதைக் காட்டும். சம்பள ரசீது, ஃபார்ம் 16, வங்கி ஸ்டேட்மென்ட் ஆகியவை சம்பளம் வந்ததைக் காட்டும். ஆனால், இவற்றில் எதுவுமே நீங்கள் ‘என்ன’ வேலை செய்தீர்கள் என்று சொல்லாது. அந்த இடைவெளியை நிரப்ப, உங்களுக்கு மேலே இருந்த மேனேஜரிடம் பொறுப்புகளை விவரிக்கும் கடிதம் வாங்குங்கள். அதில் அவருடைய பதவி, தொடர்பு எண், இருவரும் சேர்ந்து வேலை பார்த்த காலம் எல்லாம் இருக்கட்டும்.

கூடவே, ஏன் கம்பெனி லெட்டர் கிடைக்கவில்லை என்று விளக்கக் கடிதம் எழுதுங்கள். ஹெச்.ஆருக்கு நீங்கள் அனுப்பிய மெயில், அவர்கள் மறுத்த பதில் இரண்டையும் இணையுங்கள். இப்படிக் கொடுத்தால் ஏற்றே ஆகவேண்டும் என்று இல்லை, அதிகாரியின் முடிவுதான். ஆனால், காரணம் சொல்லாமல் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ் என்றால் ‘நான் இந்த வேலை செய்தேன்’ என்று நீங்களே எழுதும் உறுதிமொழி செல்லாது. தொழில் உங்களுடையது என்பதற்கான பதிவுச் சான்று, வருமான ஆதாரம், வாடிக்கையாளர்கள் என்ன வேலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று தரும் கடிதங்கள் தேவை. தமிழில் உள்ள ஆவணங்களுக்கு மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும். அதை உங்கள் குடும்பத்தினர் செய்யக் கூடாது.

‘லெட்டர் நாங்க ரெடி பண்ணித் தர்றோம்’

இப்படிச் சொல்லும் ஏஜென்ட்டிடமிருந்து தள்ளியே இருங்கள். பொய் ஆவணம் கொடுத்தது தெரிந்தால், கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி 5 வருடங்கள் தடை. லெட்டரைத் தயாரித்தது யாராக இருந்தாலும், விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர். உண்மையாகப் பார்த்த வேலைகளும் அந்த ஒரு பொய்யோடு சேர்ந்து அடிபட்டுப் போகும்.

இப்போதே செய்ய வேண்டியது

அழைப்பு வந்த பிறகு முழு விண்ணப்பத்தையும் அனுப்ப 60 நாள்கள்தான். நாலு கம்பெனி மாறியவர் நாலு ஹெச்.ஆரின் பின்னால் அலைய இது போதாது. அதனால், புரொஃபைல் போடுவதற்கு முன்பே லெட்டர்களை வாங்கி வையுங்கள்.

இப்போது வேலையை விடப்போகிறீர்களா? கடைசி நாளுக்கு முன்பே கேளுங்கள். கம்பெனி மெயில் முடங்குவதற்குள் உங்கள் சம்பள ரசீதுகளை டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். சம்பளத்தைக் கையில் வாங்குபவர் என்றால், இந்த மாதத்திலிருந்தாவது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். பழைய மேனேஜரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறதா? ஒரு நலம் விசாரிப்பு மெசேஜ் அனுப்பி வையுங்கள். நாளைக்கு உங்கள் வேலைக்குச் சாட்சி அவராகக்கூட இருக்கலாம்.