கூடைக்குள் கொழுந்தை எறிய முடியாத கை: உறைதோளைக் கண்டறிவது எப்படி?

ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பெண் தொழிலாளியைச் சந்தித்தேன். ஏழு மாதங்களாக அவருக்கு வலது தோளில் நோவு இருந்தது. பறித்த கொழுந்தைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிய முடியவில்லை. ஒவ்வொரு முறையும் கூடையை இறக்கி வைத்துத்தான் கொழுந்தைப் போட்டிருக்கிறார். நிறுவையில் கிலோ குறைந்தது. 'அரைப் பேர்', அதாவது அரைநாள் சம்பளம்தான் விழுந்தது. வேலைக்குக் கள்ளம் செய்கிறார் என்ற பேச்சும் வந்தது.

"கைய தூக்கினா உசிரு போகுது தம்பி. சட்டைக்கு ஊக்கு மாட்டக்கூட மகதான் வரணும்" என்றார்.

தோட்ட மருந்தகத்தில் வலி மாத்திரை கிடைத்தது. லயத்தில் எண்ணெய் போட்டு நீவி விட்டார்கள். இறுதியில் நகரத்து வைத்தியசாலைக்குப் போனபோது, வைத்தியர் அவரது கையைப் பிடித்து அசைத்துப் பார்த்துச் சில நிமிடங்களில் நோயைச் சொல்லிவிட்டார். அது உறைதோள். 'ஃபுரோசன் ஷோல்டர்' என்று வைத்தியசாலைகளில் சொல்லப்படுவது இதுதான்.

உறைதோள் என்றால் என்ன?

தோள்மூட்டைச் சுற்றி மெல்லிய உறையொன்று இருக்கிறது. அது அழற்சியால் தடித்துச் சுருங்கும்போது மூட்டு அசைய இடமில்லாமல் போகிறது. அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் 1934ஆம் ஆண்டு இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். கோளாறு மூட்டுறையில் இருப்பதை 1945இல் ஜூலியஸ் நெவியாசர் விளக்கினார்.

பொதுவாக 40 முதல் 60 வயதுக்குட்பட்டவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கு, இது கூடுதலாக வருகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். தைரொயிட் கோளாறும் ஒரு காரணியாகக் கருதப்படுகிறது. கொழுந்து பறிப்பதால்தான் இது வருகிறது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வந்துவிட்டால், கூடைக்குள் எறியும் அந்த அசைவையே இது முதலில் பறித்துக்கொள்கிறது.

நோய் மூன்று கட்டங்களாக நகரும். முதலில் சில மாதங்கள் வலி கூடிக்கொண்டே போகும், இரவில் அது கடுமையாக இருக்கும். அடுத்து வலி சற்றுத் தணிந்து இறுக்கம் மிஞ்சும். பின்னர் மெல்ல இளகும். இவை முடிய ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை ஆகலாம். சிலருக்கு ஓரளவு இறுக்கம் அதற்குப் பிறகும் தங்கிவிடுவதுண்டு.

வைத்தியர் எப்படிக் கண்டறிகிறார்?

இதற்குப் பெரிய இயந்திரம் தேவையில்லை. வைத்தியர் முதலில் கேள்விகள் கேட்பார். வலி எப்போது தொடங்கியது, விழுந்தீர்களா, அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா, தலை வார முடிகிறதா, கையைப் பின்னால் கொண்டுபோக முடிகிறதா என்று விசாரிப்பார்.

அடுத்தது கைப் பரிசோதனை. முதலில் நோயாளியே கையை அசைக்க வேண்டும். பின்னர் அவர் கையைத் தளர்த்தி வைத்திருக்க, வைத்தியர் அசைத்துப் பார்ப்பார். வித்தியாசம் இங்கேதான் தெரியும். தசைநார் கிழிந்திருந்தால் நோயாளியால் கையைத் தூக்க முடியாது, ஆனால் வைத்தியர் தூக்கினால் பெரும்பாலும் உயரும். உறைதோளில் இருவராலும் முடியாது. கை ஓர் எல்லையில் முட்டி நின்றுவிடும்.

மிக முக்கியமான சோதனை எளிமையானது. முழங்கையை விலாவோடு ஒட்டி, செங்கோணமாக மடித்து, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். உறைதோளில் இந்த அசைவு தெளிவாகக் குறைந்திருக்கும். மற்றக் கையோடு ஒப்பிட்டால் யாருக்கும் புரியும்.

மூட்டுத் தேய்மானத்திலும் கை இப்படி முட்டி நிற்கலாம். வலிப்பு அல்லது மின்தாக்கத்துக்குப் பின் தோள் பின்புறமாக விலகியிருந்தாலும் இதே நிலைதான். எலும்புக் கட்டி, மூட்டுக் காசநோய் ஆகியவையும் ஏமாற்றக்கூடும். எனவே எக்ஸ்றே எடுக்கப்படுகிறது. உறைதோளில் எக்ஸ்றே பெரும்பாலும் வழமையாகவே இருக்கும். 'படத்தில் ஒன்றுமில்லை' என்றால் நோயே இல்லை என்று பொருளல்ல. வேறு நோய்கள் விலக்கப்பட்டன என்றுதான் பொருள்.

இரத்தத்தில் சீனியின் அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் தைரொயிட் சோதனையும் செய்வார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பெரும்பாலானோருக்குத் தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் மட்டுமே அது.

உடலில் செல் துண்டு உள்ளவர்கள்

1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்களில் யுத்தக் காயங்களோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். தோள் அல்லது கை காயப்பட்டு, நீண்ட நாள் கட்டுப்போட்டு அசையாமல் வைத்திருந்தாலும் தோள் இறுகிப்போகலாம். ஆகவே பழைய காயத்தை வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால், உடலில் உலோகத் துண்டு இருப்பதை முன்கூட்டியே கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரத்தின் காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தக்கூடும். கண், மூளை, முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு அருகில் இருந்தால் அது உயிராபத்தாகலாம். துண்டு எங்கே இருக்கிறது என்பதை எக்ஸ்றே காட்டிவிடும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

இடது தோளில் அல்லது கையில் வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸை அழையுங்கள். காய்ச்சலோடு மூட்டுச் சிவந்து வீங்கினாலும், காரணமின்றி உடல் மெலிந்தாலும், கை விறைத்துப் பலமிழந்தாலும் காத்திருக்க வேண்டாம்.

எங்கே போவது?

தோட்ட வைத்திய உதவியாளரிடம் மாத்திரையோடு நின்றுவிடாமல், ஒரு கடிதம் கேளுங்கள். 2017 மே மாதம் இந்திய உதவியுடன் புதிய கட்டடம் திறக்கப்பட்ட டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலை, நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவை அரச வைத்தியசாலைகள். அங்கு வெளிநோயாளர் பிரிவில் பார்க்கக் கட்டணம் இல்லை. போகும்போது இரண்டு விடயங்களைச் சொல்லுங்கள்: எத்தனை மாதமாக வலி, எந்தெந்த அசைவு முடியவில்லை. 'கை நோவு' என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு திரும்ப நேரிடலாம்.

சிகிச்சையில் வலி நிவாரணி, இயன்மருத்துவப் பயிற்சி, மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி ஆகியவை உண்டு. அந்த ஊசி சில நாட்களுக்குச் சீனியை உயர்த்தும் என்பதால், நீரிழிவு இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலி கடுமையாக உள்ள கட்டத்தில் கையைப் பலவந்தமாக இழுத்து நீவுவது நோவைக் கூட்டும்.

நான் சந்தித்த அந்தத் தாய்க்கு இரத்தச் சோதனையில் நீரிழிவும் இருப்பது தெரியவந்தது. அதுவரை அவருக்கே தெரியாது. தோள் மெல்ல இளகி வருகிறது. சீனிக்கு மாதந்தோறும் கிளினிக் போகிறார். அன்று வைத்தியர் நோயின் பெயரை எழுதிக் கொடுத்த துண்டை அவர் பத்திரமாக வைத்திருக்கிறார். கள்ளம் என்று சொன்னவர்களுக்குக் காட்ட அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.