தூரத்து கேலக்ஸியின் மொத்த ஒளியைக் கணக்கிட ஒரே ஒரு அளவு போதுமா?

உத்திரமேரூர் பக்கம் வயல்வெளியில், தெளிவான அமாவாசை இரவில் பால்வெளியைப் பார்த்தால் நடுநடுவே கருப்புத் திட்டுகள் தெரியும். அங்கே நட்சத்திரம் இல்லாமல் இல்லை, தூசி மறைக்கிறது. விழுங்கிய ஒளியால் சூடாகும் தூசி, அதை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடும்.

தூரத்து கேலக்ஸிகளிலும் இதே கதைதான். 8 முதல் 1,000 மைக்ரான் வரையிலான அகச்சிவப்பு ஒளியை மொத்தமாகக் கூட்டினால், அங்கே நட்சத்திரங்கள் பிறக்கும் வேகம் தெரிந்துவிடும். கென்னிகட்டின் 1998 வாய்ப்பாட்டின்படி, ஆயிரம் கோடி சூரியன்களின் ஒளிக்குச் சமம் என்றால், ஆண்டுக்குச் சுமார் 1.7 சூரிய நிறை.

அளப்பதில் என்ன சிக்கல்?

காற்றிலுள்ள நீராவி இந்தக் கதிர்களில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். காவலூரின் 2.3 மீட்டர் தொலைநோக்கியாலும் தொலை அகச்சிவப்பைப் பார்க்க முடியாது. அதனால்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத்திலிருந்து 1 மீட்டர் தொலைநோக்கியை பலூனில் ஏற்றி அனுப்பியது. அது பார்த்ததும் பெரும்பாலும் நம் பால்வெளியைத்தான். ரொம்ப தூரத்து கேலக்ஸி என்றால் விண்வெளிக்கே போகணும்.

2003-ல் போன நாசாவின் ஸ்பிட்சர், அவற்றில் பலவற்றை 24 மைக்ரானில் மட்டுமே தெளிவாகப் பிடித்தது. மீதி?

ரங்கா-ராம் சாரி, டேவிட் எல்பாஸ் இருவரும் 2001-ல், அருகிலுள்ள கேலக்ஸிகளை வைத்து மாதிரி ஒளிப்பட்டைகளைத் தயாரித்திருந்தார்கள். அளந்த புள்ளி எந்த மாதிரியோடு பொருந்துகிறதோ, அதன் மொத்த ஒளிதான் விடை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்!

ஆனா, அரிசியே வேற என்றால்?

சுமார் 1,000 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியின் அலைநீளம், வரும் வழியில் மூன்று மடங்காக நீண்டுவிடும். நாம் 24 மைக்ரானில் பார்ப்பது, அங்கே 8 மைக்ரானில் கிளம்பியது. அது கரிம மூலக்கூறுகள் பளிச்சிடும் இடம். தூசிச் சூட்டின் உச்சமோ 100 மைக்ரான் பக்கம்.

2009-ல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் ஹெர்ஷல் அந்த உச்சத்தையே அளந்தது. அருகிலுள்ள கேலக்ஸிகளுக்குக் கணக்கு சரி. தூரத்துப் பிரகாசமான கேலக்ஸிகளுக்கோ, பழைய கணக்கு சில மடங்கு அதிகம். பிறக்காத நட்சத்திரங்களையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள்!

2011-ல் விளக்கம் தந்ததும் எல்பாஸ் குழுதான். நம் அருகே அவ்வளவு பிரகாசமானவை பெரும்பாலும் மோதிக்கொள்ளும் கேலக்ஸிகள்; அவற்றில் நட்சத்திரப் பிறப்பு நெருக்கமான இடத்தில் நடக்கும். அந்தக் காலத்து கேலக்ஸிகளில் பலவற்றில் அது பரவலாக நடந்தது.

ஹெர்ஷல் 2013-ல் ஹீலியம் தீர்ந்து நின்றுபோனது. ஜேம்ஸ் வெப் 28 மைக்ரான் வரைதான் பார்க்கும், சிலியிலுள்ள ஆல்மா சுமார் 300 மைக்ரானுக்கு மேல். நடுவில் இருப்பதை இப்போதும் மாதிரிகளை வைத்துத்தான் நிரப்புகிறார்கள்.