இருளிலே ஆயத்தமாகும் நிறமி

மண்ணுக்குள் முளைவிடும் விதைக்கு முதல் உலகம் இருளே. அங்கே அது தண்டை விரைந்து நீட்டுகிறது. இலைகளை விரிக்காமல் மடித்துக் காக்கிறது. நுனி சிதையாதிருக்கக் கொக்கிபோல் தலைகவிழ்ந்து மேலெழுகிறது. வெளிறிய அந்நாற்றை நோயுற்றதென நாம் எண்ணக்கூடும். விதையிலுள்ள சிறு சேமிப்பைக் கொண்டு ஒளியை எட்டிவிட அது கைக்கொள்ளும் சிக்கனம் அது. ஒளி பட்டதும் தண்டின் வேகம் தணிகிறது; கொக்கி நிமிர்கிறது; இலைகள் விரிந்து பச்சை பிடிக்கின்றன.

ஒளி வந்ததைச் செடி எதனால் அறிகிறது? அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலுள்ள பெல்ட்ஸ்வில் அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் ஹாரி போர்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் குழுவினர் இவ்வினாவைத் தொடர்ந்தனர். 1952-இல் லெட்டூஸ் கீரை விதைகள்மீது சிவப்பொளியையும், அதற்கு அடுத்த, நம் கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் தொலைசிவப்பு ஒளியையும் மாறிமாறிப் பாய்ச்சினர். கடைசியாகப் பட்டது சிவப்பாயின் விதைகள் முளைத்தன. தொலைசிவப்பாயின் பெரும்பாலானவை உறங்கிக் கிடந்தன. இரு நிலைகளுக்கிடையே மாறும் ஒரே நிறமியே இதற்குக் காரணம் எனத் துணிந்தனர்.

ஆனால் அந்நிறமியைக் கண்டவர் எவருமில்லை. கற்பனையில் மட்டுமே உள்ள நிறமி என எள்ளியோரும் உண்டு. அதன் அளவோ மிகச் சிறிது. பச்சை இலையிலோ பச்சையம் அதனை மறைத்துவிடும். எனவே 1959-இல் வாரன் பட்லர் முதலியோருடன் இணைந்து, இருளில் வளர்ந்த நாற்றுகளை நுண்ணிய ஒளியளவிக் கருவியில் வைத்து ஆராய்ந்தனர். ஏழாண்டுகளுக்கு முன் ஊகித்தது அங்கே தென்பட்டது. பைட்டோகுரோம் என அது பெயர் பெற்றது.

1991-இல் சிங்-வாங் டெங், பீட்டர் குவெயில் முதலியோர், அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் மற்றொரு வியப்பைக் கண்டனர். 'காப்-1' என்னும் மரபணு பழுதுற்ற நாற்றுகள், இருளிலும் ஒளி கண்டவைபோல் இலை விரித்தன. விரிவதற்கான திட்டம் நாற்றினுள் முன்னரே உள்ளது. இருளில் 'காப்-1' அதனைத் தடுத்து நிறுத்துகிறது. ஒளி அத்தடையை நீக்குகிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

ஒளியை ஏற்கும் நிறமி ஒளி காணாத நாற்றில்தான் கண்டறியப்பட்டது என்பதை நாம் மறத்தலாகாது. மண்ணுக்கடியில் கழியும் அந்நாள்கள் வீணல்ல. ஒளி வரும் கணத்தில் அதனை அறிந்துகொள்ளும் ஆற்றல் அங்கேதான் உருவாகிறது.