பட்டாளத்துத் தம்பிகளும் ஒரு மோட்டார் சைக்கிளும்

அமெரிக்கத் தலைநகர் பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்கு மே மாதக் கடைசி என்றால் இரண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒன்று, மூன்று நாள் விடுமுறையும் கடைகளில் தள்ளுபடியும். இன்னொன்று, நெடுஞ்சாலையில் இடி உருண்டு வருவது போல வரும் மோட்டார் சைக்கிள் கூட்டம். தோல் சட்டை, வெள்ளைத் தாடி, கையெல்லாம் பச்சை குத்தியிருக்கும். முதன்முதலில் பார்க்கும்போது நாம் செய்வது காரின் கண்ணாடியை ஏற்றிக்கொள்வதுதான். 'ஏதோ ரவுடிக் கூட்டம் போல' என்று பின் சீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுவோம்.

அவர்கள் ரவுடிகள் இல்லை. பெரும்பாலும் தாத்தாக்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள். போரில் பிடிபட்டோ காணாமலோ போய், என்ன ஆனார்கள் என்றே தெரியாத சக சிப்பாய்களை நாடு மறந்துவிடக் கூடாது என்பதற்காக 1988ல் சுமார் 2,500 வண்டிகளோடு தொடங்கிய ஊர்வலம் அது. 'ரோலிங் தண்டர்' என்று பெயர். பிற்பாடு லட்சக்கணக்கில் வண்டிகள் வந்தன. 2019ல் அந்த அமைப்பு தன் கடைசி ஊர்வலத்தை நடத்தியது. அதற்குப் பிறகு இன்னொரு முன்னாள் படைவீரர் சங்கம் வேறு பெயரில் அதைத் தொடர்கிறது.

இதன் கதையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால், அது நம்மூர் மலையடிவாரம் வரை போகிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

போர் முடிந்த பிறகு என்ன செய்வது?

இரண்டாம் உலகப் போர் 1945ல் முடிந்தது. லட்சக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பினார்கள். மூன்று நான்கு வருஷம் ஒரே குழியில் படுத்து, ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்று, ஒருவன் உயிரை இன்னொருவன் காத்துப் பழகியவர்கள். திடீரென்று ஆளுக்கு ஒரு ஊர், ஆளுக்கு ஒரு வேலை. வீட்டில் எல்லாம் இருக்கிறது, ஆனால் பேச்சுக்கு ஆள் இல்லை. ராணுவத்துக்கென்று செய்த ஹார்லி வண்டிகள் போருக்குப் பின் மலிவாக விற்பனைக்கு வந்தன. பழைய சிப்பாய்கள் வாங்கினார்கள், ஓட்டினார்கள், கூட்டம் சேர்ந்தார்கள். 1946ல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'பூஸ்ஃபைட்டர்ஸ்' கிளப் இப்படி முளைத்ததுதான். 1947 ஜூலையில் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் இவர்கள் போட்ட ஆட்டம் பத்திரிகைகளில் பெரிதாகி, 1953ல் மார்லன் பிராண்டோ நடித்த சினிமாவாகவும் ஆகி, மோட்டார் சைக்கிள் கிளப் என்றாலே கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரை மாற்றியதும் முன்னாள் படைவீரர்கள்தான். 1993ல் மிச்சிகன் மாநிலத்தில் 'அமெரிக்கன் லீஜன் ரைடர்ஸ்' தொடங்கியது. போரில் இறந்தவர்களின் பிள்ளைகளுடைய படிப்புக்கு வண்டி ஓட்டி நிதி சேர்க்கிறார்கள். 2005ல் கான்சஸில் இன்னொன்று நடந்தது. ஈராக்கில் இறந்த சிப்பாய்களின் சவ அடக்கத்தின்போது ஒரு கூட்டம் வாசலில் நின்று வசை பாட ஆரம்பித்தது. இவர்கள் வண்டிகளோடு போய்க் கொடியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வசை பாடுகிறவர்கள் குடும்பத்தின் கண்ணில் படாமல் மறைத்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான். அடிதடி கிடையாது. இப்படித்தான் 'பேட்ரியாட் கார்ட்' பிறந்தது.

இதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான். மோட்டார் சைக்கிள் ஒரு சாக்கு. பட்டாளத்தில் உண்டான அண்ணன் தம்பி உறவுக்கு வெளியே வந்த பிறகும் ஒரு வேலை வேண்டும். வேலை கிடைக்காவிட்டால் அது குடியிலும் தனிமையிலும் போய் முடியும். கிடைத்தால் ஊருக்கே உபகாரம்.

நம் பக்கத்து வண்டி

சரி, இனி நம்மூருக்கு வருவோம். வாளையாறு தாண்டினால் பாலக்காடு. போடிமெட்டு ஏறினால் இடுக்கி. இந்த எல்லையில் வளர்ந்த நமக்கு 'பட்டாளம்' என்ற சொல் பொதுச்சொத்து. இந்தப் பக்கம் பட்டாளத்துக்காரர் என்போம், அந்தப் பக்கம் பட்டாளக்காரன் என்பார்கள். அவர் ஓட்டும் வண்டியும் பெரும்பாலும் ஒன்றுதான்: புல்லட்.

புல்லட்டும் பட்டாளத்து வழியாக வந்ததுதான். எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 1954ல் 350 சிசி புல்லட் 800 வேண்டும் என்று இங்கிலாந்தில் உள்ள ராயல் என்ஃபீல்டு கம்பெனிக்கு ஆர்டர் கொடுத்தது. இத்தனை வண்டி வேண்டுமென்றால் இங்கேயே பூட்டிவிடலாமே என்று 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. இங்கிலாந்துக் கம்பெனி 1970ல் மூடப்பட்டது. நம்மூர் வண்டி நிற்கவில்லை. 1977ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்கு ஏற்றுமதியும் ஆரம்பித்தது! ராணுவத்துக்கு வந்த வண்டி பிறகு போலீசுக்கும் பால்காரருக்கும் எஸ்டேட் ஆட்களுக்கும் போனது. கொண்டை ஊசி வளைவில் அந்தச் சத்தம் கீழே கேட்டால், மேலே வருவது யார் என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

எல்லை இல்லாத ரெஜிமென்ட்

1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் வந்தன. அதுவரை சென்னை மாகாணத்தின் மலபார் ஜில்லாவில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போனது. திருவிதாங்கூரில் இருந்த தேவிகுளம், பீர்மேடு தாலுக்காக்களுக்குப் பெரிய போராட்டமே நடந்தது. கடைசியில் அவையும் கேரளத்தோடே நின்றன. நிலம் இப்படிப் பிரிந்தது. பட்டாளம் பிரியவில்லை. 1758ல் வேர் விட்ட மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தமிழரும் மலையாளியும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே பாரக்கில் படுத்து எழுந்தார்கள். இன்றும் அப்படித்தான். அதன் பயிற்சி மையம் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இருக்கிறது.

இன்னொரு படை மெட்ராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்டுவது, கண்ணிவெடி எடுப்பது, பாதை போடுவது இவர்கள் வேலை. பெங்களூரில் மையம். ராணுவம் முழுக்க இவர்களைச் செல்லமாகக் கூப்பிடும் பெயர் என்ன தெரியுமா? 'தம்பி'. வடநாட்டு அதிகாரியும் அந்தத் தமிழ்ச் சொல்லாலேயே கூப்பிடுவார்.

அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொன்னவர் ஒருவர் உண்டு. செங்கல்பட்டு ஜில்லா கீழ் ஒட்டிவாக்கத்தைச் சேர்ந்த சுப்பிரமணியன். 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். கண்ணிவெடி தேடிக்கொண்டிருந்த குழுவில் ஒருவர் கால் பட்டு ஒரு வெடி கிளம்பிவிட்டது. வெடிக்கச் சில நொடிகள்தான் இருந்தன. சுப்பிரமணியன் ஓடவில்லை. அதன் மேலே விழுந்து தன் உடம்பால் மூடிக்கொண்டார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் விருது பெற்ற முதல் இந்தியர் அவர். இறந்த பிறகு வந்த விருது. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்?

தண்ணீர் வந்த வருஷம்

2018 ஆகஸ்டு 9ஆம் தேதி, 26 வருஷத்துக்குப் பிறகு இடுக்கியின் செறுதோணி அணை மதகைத் திறந்தார்கள். மறுநாள் ஐந்தும் திறந்தாயிற்று. வெளிநாட்டிலிருந்த நாம் எல்லாரும் தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தோம். மூணாறு துண்டானது. பாலக்காட்டு நெல்லியாம்பதிக்கு ஏறும் ஒரே சாலை மண் சரிந்து அறுந்துபோய், எஸ்டேட் குடும்பங்கள் மலைமேல் மாட்டிக்கொண்டன. மலம்புழா பக்கம் வலியகாடு கிராமம் தனித்துப்போனது. ராணுவத்தினர் வந்து 35 அடி நீளத்துக்கு ஒரு பாலம் போட்டு, பெண்கள் குழந்தைகள் உட்பட சுமார் 100 பேரை வெளியே கொண்டுவந்தார்கள்.

என் மனதில் நின்றது வேறு ஒன்று. ஹேமந்த் ராஜ் என்ற மேஜர் விடுமுறையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவர். வெள்ளச் செய்தி கேட்டதும் விடுமுறையை விட்டுவிட்டுச் செங்கன்னூரில் இறங்கினார். ஊரில் ஓய்வு பெற்று உட்கார்ந்திருந்த முன்னாள் படைவீரர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் சேர்த்து, எந்த வீட்டில் யார் மாட்டியிருக்கிறார்கள், எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று மீட்பை ஒழுங்குபடுத்தினார். அந்த முன்னாள் வீரர்களுக்கு முதுகில் கிளப் முத்திரை கிடையாது, தோல் சட்டை கிடையாது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். கான்சஸில் கொடி பிடித்து நின்ற தாத்தாக்களும் இவர்களும் ஒரே சாதி என்றுதான் நான் நினைக்கிறேன்.

பாலம் இல்லாத இரவு

ஆனால் எல்லா இடத்திலும் உதவி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. 2020 ஆகஸ்டு 6, ராத்திரி. மூணாறுக்கு மேலே ராஜமலை, பெட்டிமுடி. மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர்களின் லயன் வீடுகள் மேல் விழுந்தது. இருந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள், பலர் கயத்தாறு பக்கத்துச் சொந்தக்காரர்கள். கரண்டு இல்லை, செல்போன் இல்லை. வெளியே செய்தி போனதே விடிந்த பிறகுதான். கீழே பெரியவரையில் 2018 வெள்ளத்தில் போன பாலத்துக்குப் பதிலாகப் போட்டிருந்த தற்காலிகப் பாலமும் அடித்துக்கொண்டு போயிருந்தது. மீட்பு வண்டிகள் அங்கேயே திணறின. 70 பேர் போனார்கள். அதில் 4 பேரின் உடல் கடைசிவரை கிடைக்கவே இல்லை. காணாமல் போனவர்களுக்காக வாஷிங்டனில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 4 பேர் ஞாபகம் வருகிறது.

இரண்டு வருஷம் கழித்து, 2022 பிப்ரவரியில், மலம்புழாவின் குறும்பாச்சி மலைப் பாறை இடுக்கில் 23 வயதுப் பையன் ஒருவன் மாட்டிக்கொண்டான். 40 மணி நேரத்துக்கு மேல் சோறு இல்லை, தண்ணீர் இல்லை. ஹெலிகாப்டரால் நெருங்க முடியவில்லை. வெலிங்டனிலிருந்து மெட்ராஸ் ரெஜிமென்ட் குழு ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கி வந்தது. பாரா படைக் குழுவும் சேர்ந்துகொண்டது. தலைமை யார் என்கிறீர்கள்? அதே ஹேமந்த் ராஜ், அப்போது லெப்டினன்ட் கர்னல். கயிற்றில் தொங்கி இறங்கிய வீரர் முதலில் செய்தது தண்ணீர் கொடுத்ததுதான். பிறகு அவனைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். மேலே வந்ததும் அந்தப் பையன் வீரர்களுக்கு முத்தம் கொடுத்ததை நாம் எல்லாரும் பார்த்தோம்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவு. சூரல்மலையில் மேஜர் சீதா ஷெல்கே முன்னின்று நடத்த, மெட்ராஸ் சாப்பர்ஸ் தம்பிகள் 190 அடி பெய்லி பாலத்தை ராத்திரி பகலாகக் கட்டி ஆகஸ்டு 1ஆம் தேதி சாயங்காலம் திறந்துவிட்டார்கள். 24 டன் எடை தாங்கும். மண் அள்ளும் இயந்திரங்கள் அதன் மேல்தான் அக்கரைக்குப் போயின.

நாம் என்ன செய்யலாம்?

ராணுவம் எவ்வளவு வேகமாக வந்தாலும் வந்து சேர ஒரு நாள் ஆகிறது. பெட்டிமுடி மாதிரி இடங்களில் அந்த முதல் சில மணி நேரம்தான் உயிர். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது யார்? ஊர்க்காரர்கள்தான். அவர்களில் ஒருவராவது பட்டாளத்துக்காரராக இருப்பார். நம் சிப்பாய்கள் பலர் 35, 40 வயதிலேயே ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். கயிறு கட்டத் தெரியும், காயத்துக்குக் கட்டுப் போடத் தெரியும், பதறுகிற கூட்டத்தை நிறுத்தி வேலை வாங்கத் தெரியும். அப்படிப்பட்டவரை நாம் ஏடிஎம் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

அமெரிக்கக் கிளப்புகளைப் பார்த்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது தோல் சட்டையை அல்ல. ஓய்வு பெற்றவருக்கு ஒரு கூட்டமும் ஒரு கடமையும் வேண்டும் என்ற எண்ணத்தை. கம்பத்திலோ போடியிலோ கொல்லங்கோட்டிலோ பத்து முன்னாள் வீரர்கள், பத்து வண்டிகள், நல்ல கயிறு, டார்ச், முதலுதவிப் பெட்டி, மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகை. பெரிய செலவே இல்லை. வருஷா வருஷம் கோயில் கொடைக்கும் அலங்கார வளைவுக்கும் பணம் அனுப்புகிறோம், தப்பில்லை. அதோடு இதற்கும் ஒரு பங்கு அனுப்பலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் தெருவில் இருக்கும் பட்டாளத்துக்காரர் வீட்டுக்கு ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். "எந்த ரெஜிமென்ட் அண்ணா?" என்று கேளுங்கள். அவ்வளவு போதும். மீதியை அவரே சொல்லுவார்.